டெலிவரி வண்டி வீட்டை இடித்துவிட்டால்: பெங்களூரில் இழப்பீடு வாங்க முழுமையான வழிகாட்டி

முப்பதுக்கு நாற்பது சைட், வாசலை ஒட்டியே ரோடு, எதிரே இன்னொரு காம்பவுண்டு. ஹலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ விவேக்நகரிலோ ஒரு கிராஸுக்குள் (குறுக்குத் தெருவுக்குள்) டாடா ஏஸ் சரக்கு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் யாராவது ஒருவர் வீட்டு கேட் தூண் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தூண் சாயும், சறுக்கு கேட்டின் தண்டவாளம் வளையும், உயரமான பெட்டி வண்டி சஜ்ஜாவின் (ஜன்னலுக்கு மேல் நீட்டிய பலகையின்) ஓரத்தைப் பெயர்க்கும், கரண்ட் சர்வீஸ் ஒயரை இழுத்துப் போகும். இவை எல்லாவற்றையும் விடச் செலவு வைப்பது, போர்டிகோவுக்குக் கீழே இருக்கும் சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின்) மூடு பலகை வண்டி ஏறி விரிசல் விடுவது.

ஒன்றை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பணம் தர வேண்டியவர்கள் பெரும்பாலும் வண்டியின் பதிவு உரிமையாளரும் அதன் இன்சூரன்ஸ் கம்பெனியும்தான். டிரைவரைப் பிடித்து வைத்து இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, வண்டியின் விவரங்களை எடுக்காமல் அனுப்பிவிடுபவர்களுக்குத்தான் கடைசியில் ஒன்றும் கிடைப்பதில்லை.

1. முன்கூட்டியே ஃபைலில் இருக்க வேண்டியவை

வீடு உங்களுடையது என்று காட்ட கிரயப் பத்திர நகல், காத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு), கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது ஆகிய மூன்றும் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166வது பிரிவு, சொத்துச் சேதத்துக்கு மனுப் போடும் உரிமையைச் சொத்தின் உரிமையாளருக்குத் தருகிறது. வாடகைக்கு இருப்பவர் தன் ஸ்கூட்டர், பூந்தொட்டி, வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குக் கேட்கலாம். சுவருக்கு வீட்டுக்காரர்தான் மனுதாரர். அடுக்குமாடியில் பொதுச் சுவரோ கேட்டோ இடிபட்டால் அசோசியேஷன் தீர்மானம் போட்டு, யார் கையெழுத்திடுவது என்று ஒருவருக்கு அதிகாரம் தர வேண்டும். இந்தத் தீர்மானம் இல்லாமல் செயலாளர் தன் பெயரில் மனுப் போடுவது எதிர்த்தரப்புக்கு முதல் கேள்வியை இலவசமாகக் கொடுப்பதாகும்.

சேதத்துக்கு முந்தைய படங்களும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டின் நான்கு பக்கத்தையும் போனில் எடுத்து வைத்தால் போதும். எடுக்கவில்லையென்றால் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் உங்கள் தெரு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சுவர் நேராக நின்றதற்கு அதைவிட நடுநிலையான சாட்சி கிடைக்காது.

சிசிடிவி இருந்தால் எத்தனை நாள் பதிவு தங்குகிறது என்பதை இன்றே செட்டிங்ஸில் பாருங்கள். பல வீடுகளில் 7 நாளிலோ 15 நாளிலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடுகிறது.

2. முதல் அரை மணி நேரம்

படம் எடுக்கும் முன் ஆளைக் காப்பாற்றுங்கள். ஒயர் தொங்கினால் யாரும் கிட்டே போகக் கூடாது. மின் விநியோகக் கம்பெனியான பெஸ்காமின் 1912க்கு அழையுங்கள். குழாய் கேஸ் லைன் வளைந்திருந்தால் மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, மீட்டரில் ஒட்டியிருக்கும் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். சாய்ந்த தூணின் நிழலில் கூட்டம் நிற்கும். அதைக் கலைப்பதுதான் முதல் வேலை. யாருக்காவது அடிபட்டிருந்தாலும், டிரைவர் ஓடிவிட்டாலும் 112.

அடுத்து, வண்டியை நகர்த்தும் முன் படம். வண்டி, சுவர், உங்கள் வீட்டு எண் மூன்றும் ஒரே படத்துக்குள் வருவது ஒன்று. கிராஸ் ரோடு பலகை தெரிய இன்னொன்று. நம்பர் பிளேட் முன்னும் பின்னும். பின்பக்க பம்பரில் உங்கள் சுவரின் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அதைக் கிட்டப் போய் எடுங்கள். சுவரில் வண்டியின் பெயிண்ட் இருக்கும் இடத்தையும் அப்படியே எடுங்கள். வண்டியிலிருக்கும் கம்பெனி ஸ்டிக்கர், டிரைவரின் சட்டை, பார்சல் மேல் ஒட்டிய சீட்டு எல்லாம் தேவைப்படும். வண்டி எந்தக் கம்பெனி வேலையாக வந்தது என்பதை ஆறு மாதம் கழித்து நிரூபிக்க வேறு வழி இருக்காது.

பார்சல் பக்கத்து வீட்டுக்கு வந்ததென்றால், அவர் போனில் இருக்கும் ஆர்டர் விவரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அப்போதே அனுப்பச் சொல்லுங்கள். மறுநாள் கேட்டால் "எதுக்குங்க எனக்கு வம்பு" என்பார்.

3. டிரைவரிடம் பேசுவது

பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணா, ஐயாயிரம் தர்றேன், விட்ருங்க. ஓனருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்." அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதற்காகவே அவரிடம் பணம் வாங்காதீர்கள். இரண்டு நாளில் சுவர் இன்னும் சாய்ந்து, செலவு அறுபதாயிரம் என்று தெரியும்போது, அந்த ஐயாயிரம் "முழுத் தீர்வு" ஆகிவிட்டிருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியவை: பெயர், போன் எண், லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் மூன்றின் படம், வண்டி முதலாளியின் எண். அங்கிருந்தே முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு படமும் ஒரு வரியும் அனுப்புங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று அவர் பதில் போட்டாலே, வண்டி அவருடையது, விபத்து நடந்தது என்ற இரண்டும் எழுத்தில் வந்துவிடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவின்படி, மூன்றாம் நபரின் சொத்து சேதமானால் டிரைவர் காவல் துறைக்குத் தகவல் தர வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து நிலையத்தில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதை மிரட்டலாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொன்னால் போதும்.

அந்த இடத்திலேயே ஒத்துப்போக வேண்டும் என்றால் தாளில் எழுதும் வாசகம் முக்கியம். "இன்று பெற்ற ரூ.____ முன்பணம் மட்டுமே; மீதியைப் பொறியாளர் அறிக்கைக்குப் பின் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று இருக்கட்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி எந்த மொழியில் எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. வண்டியின் ஜாதகம்

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனிலோ எம்பரிவாஹன் ஆப்பிலோ நம்பரைப் போட்டால் வண்டியின் வகை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, தகுதிச் சான்று எப்போது முடிகிறது போன்றவை வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைந்திருக்கும். முழு விவரத்துக்கு அதே சட்டத்தின் 160வது பிரிவு உங்களுக்கு உதவும். இழப்பீடு கேட்கும் உரிமை இருப்பதாகச் சொல்பவர் எழுதிக் கேட்டால், ஆர்டிஓவோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ வண்டி விவரத்தையும் அதை ஓட்டியவரின் பெயர், முகவரியையும் தர வேண்டும்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

வண்டியை விற்று ஒரு வருடம் ஆகிவிட்டது என்று ஆர்சியில் பெயர் உள்ளவர் சொல்லக்கூடும். பதிவு மாறாதவரை ஆர்சியில் இருப்பவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கான வரம்பைப் பாருங்கள். சரக்கு வண்டிக்கும் காருக்கும் இது வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய், இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முதலாளி இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் அதற்கு மேற்பட்ட தொகையை முதலாளியிடம்தான் வசூலிக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டே இல்லாத வாடகை மின்சார ஸ்கூட்டர் என்றால் கதை வேறு. 250 வாட்டுக்குக் குறைவான திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் கொண்டவை சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. இன்சூரன்ஸும் இல்லை, விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் மோட்டார் தீர்ப்பாயமும் இல்லை. சிவில் நீதிமன்றமோ, பார்சல் உங்களுடையதாக இருந்தால் நுகர்வோர் ஆணையமோதான் வழி.

5. போலீஸ் நிலையம்

பெங்களூரில் சாலை விபத்துகளைப் பார்ப்பது டிராஃபிக் போலீஸ் நிலையம். சட்டம் ஒழுங்கு நிலையத்தில் போய் நின்று அரை நாளை வீணாக்காதீர்கள். உங்கள் தெரு எந்த டிராஃபிக் நிலையத்துக்குள் வருகிறது என்று 112இலேயே கேட்டுக்கொள்ளலாம்.

"சுவர் இடிஞ்சதுக்கெல்லாம் கேஸ் எதுக்கு, சிவில் மேட்டர்" என்ற பதிலுக்குத் தயாராகப் போங்கள். புகாரில் சுவரை மட்டும் எழுதினால் அப்படித்தான் சொல்வார்கள். பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக ஓட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 281வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே அந்த நேரத்தில் கேட்டருகே யார் நின்றார்கள், எத்தனை அடி தள்ளி நின்றார்கள், குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்களா என்பதை நடந்தது நடந்தபடி எழுதுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான்.

வேண்டுமென்றே சேதம் விளைவித்தார் என்று அதே சன்ஹிதாவின் 324வது பிரிவைப் போடச் சொல்லிப் பலர் வாதாடுகிறார்கள். அதற்கு நோக்கமோ, சேதமாகும் என்ற அறிவோ வேண்டும். ரிவர்ஸில் இடித்தவருக்கு அது பொருந்தாது. தவறான பிரிவைக் கேட்டு அடம்பிடித்தால் சரியான பிரிவும் கை நழுவும்.

புகாரைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுங்கள். எஃப்ஐஆரையும் மஹஜரையும் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் அறிக்கை) அவர்கள் கன்னடத்தில் எழுதுவார்கள். பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர். கன்னடம் படிக்கத் தெரிந்த அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரைக் கூட்டிப் போய் வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாய்மொழிப் புகாரை எழுதி வாசித்துக் காட்டுவதும் எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தருவதும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற நடைமுறைச் சட்டம்) 173வது பிரிவில் இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

மஹஜர் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுவர் எத்தனை அடி நீளம் உடைந்தது, ரோட்டின் அகலம் என்ன, வண்டி எந்தத் திசையிலிருந்து வந்தது, இடித்த இடம் உங்கள் எல்லைக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்ற நான்கும் அதில் வர வேண்டும். "காம்பவுண்டு சேதம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பின்னால் நீங்கள் காட்டும் ஒவ்வொரு பில்லுக்கும் சண்டை.

எஃப்ஐஆர் போட மறுத்தால் போலீஸ் துணை ஆணையருக்கு எழுத்தில் அனுப்புங்கள்; அதன் பிறகும் அசையவில்லையென்றால் அதே நடைமுறைச் சட்டத்தின் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்ஐஆர் இல்லாவிட்டால் இழப்பீட்டு மனுவே செல்லாது என்பதில்லை. ஆனால் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. குறைந்தபட்சம் புகாருக்கான ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பி வராதீர்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்று தெரிந்தால், இழப்பீட்டுக்கு ஈடாக ஒரு தொகை கட்டாமல் வண்டியை விடக் கூடாது என்று நிலையத்திலும் மாஜிஸ்திரேட்டிடமும் எழுதிக் கொடுங்கள். வண்டி வெளியே போன பிறகு அந்த முதலாளியைத் தேடுவது கஷ்டம்.

6. சேதத்தை அளப்பது

மனுக்கள் அதிகம் தோற்பது இந்த இடத்தில். இடித்தது யார் என்பதில் யாரும் சந்தேகப்படுவதில்லை. எவ்வளவு என்பதில்தான் தொகை பாதியாகிறது.

மஹஜர் முடியும் வரை எதையும் சரிசெய்யாதீர்கள். ஆபத்தாகச் சாய்ந்ததை முட்டுக் கொடுத்து நிறுத்தலாம், ஒயரை மாற்றலாம். அதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, உடைந்த கீல், கேமரா, கேட் மோட்டார் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.

விரிசலை அளக்கும் முறை இது. ஒரு ஸ்டீல் ஸ்கேலை விரிசலுக்குக் குறுக்கே வைத்து மில்லிமீட்டர் தெரியப் படம். பிறகு இரண்டு அங்குலம் பூச்சை மட்டும் தட்டி எடுத்துப் பாருங்கள். விரிசல் பூச்சோடு நின்றால் அது பெயிண்டர் வேலை. கல்லுக்குள் போனால் மேஸ்திரி வேலை. தூணுக்கோ பீமுக்கோ போனால் பொறியாளர் பார்க்காமல் தொடாதீர்கள். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கேட் தூணுக்குத் தூக்குக் குண்டு விட்டு, மேலே எத்தனை, கீழே எத்தனை இடைவெளி என்று எழுதுங்கள். நம் ஊர்ப் பழைய காம்பவுண்டுகளில் சைஸ் கல் அஸ்திவாரம், மேலே நான்கு அங்குல பிளாக். இடி மேலே பட்டாலும் கீழ்க் கல் வரிசை விலகியிருக்கலாம். மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்ப்புக்குத் தனிச் சோதனை. மேல் பலகையில் விரிசல் தெரிந்தால் உள்ளே பக்கச் சுவரும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரை ஒரு மட்டத்துக்கு நிரப்பி, காவிரி லைன் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு நேரத்தோடு படம் எடுங்கள். 24 மணி நேரம் கழித்து மீண்டும் அதே கோணத்தில் படம். மட்டம் இறங்கினால் எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். சம்ப்புக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது. மூடியிருந்த தொட்டியில் காற்று கெட்டிருக்கும். சுத்தம் செய்யும் வரை டேங்கர் தண்ணீர் வாங்கினால் அந்த பில்லும் இழப்பில் சேரும்.

சம்ப் விஷயத்தில் கசப்பான ஒன்றும் இருக்கிறது. வண்டியின் பாரத்தாலோ அதிர்வாலோ சாலைக்கும் அதன் கீழே இருப்பவற்றுக்கும் வரும் சேதத்தை விலக்கும் வாசகம் சரக்கு வண்டிப் பாலிசிகளில் வழக்கமாக இருக்கும். கூடவே, போர்டிகோ பொது இடம் அல்ல என்றும் இன்சூரன்ஸ் தரப்பு வாதிடும். நீங்களே கேட்டைத் திறந்து "உள்ள வாப்பா" என்று கூப்பிட்டிருந்தால் உங்கள் பங்குத் தவறு என்று தொகையைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஆகவே சம்ப் உடைந்தால் வண்டி முதலாளியையும் டெலிவரி கம்பெனியையும் கட்டாயம் சேருங்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். ஒரு சிவில் பொறியாளரின் அறிக்கை, ஒப்பந்தக்காரர்களிடம் இரண்டு மூன்று கொட்டேஷன். "சுவர் வேலை மொத்தம் 85,000" என்ற சீட்டுக்கு மதிப்பில்லை. இடித்து அகற்ற, இடிபாடு ஏற்றிப்போக, பிளாக் எத்தனை, சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ, பூச்சு எத்தனை சதுர அடி, கூலி எத்தனை ஆள் எத்தனை நாள் என்று பிரிந்து வர வேண்டும். பொறியாளரிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: "கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்வீர்களா?" மாட்டேன் என்பவரின் அறிக்கை வெறும் காகிதம்.

பழைய ஓடாத கேட்டுக்குப் புது ஆட்டோமேட்டிக் கேட் விலை கேட்காதீர்கள். முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவுதான் இழப்பீடு. ஒரே ஒரு மிகைப்படுத்தல் மாட்டினால் மற்ற உண்மையான பில்களும் சந்தேகத்துக்குள்ளாகும். ரோட்டோர வடிகால் மேல் கட்டிய சாய்தளம், எல்லைக்கு வெளியே நீட்டிய படிக்கட்டு உடைந்திருந்தால் அதைத் தனி வரியாகப் பிரித்துவிடுங்கள். ஆக்கிரமிப்பு என்ற வாதம் வரும்போது, உள்ளே இருக்கும் சுவரையும் சேர்த்து இழுத்துப் போகாமல் இருக்கும்.

7. சொந்த வீட்டு இன்சூரன்ஸ்

இருந்தால் அன்றே தகவல் சொல்லுங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வாகனம் மோதிய சேதமும் உண்டு. அதில் வாங்கிவிட்டால் வண்டிக்காரரிடம் கேட்கும் உரிமை அந்தத் தொகை அளவுக்கு உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். அதனால் வண்டிக்காரருக்கு "விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதிக் கொடுத்தால் சொந்தக் கிளைமே கெடும். இரண்டு இடத்திலும் ஒரே செலவை வாங்க முடியாது.

உங்கள் கம்பெனி மறுத்தால் ஜெ.பி. நகர் ஜீவன் சௌதாவில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் (பாலிசிதாரர் புகார்களைத் தீர்ப்பவர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி மீது அங்கே போக முடியாது. நீங்கள் அவர்கள் பாலிசிதாரர் அல்ல. மாதக்கணக்கில் அங்கே அலைந்து காலக்கெடுவைத் தொலைப்பவர்கள் உண்டு.

8. நோட்டீஸ்

பதிவு உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி, டெலிவரி கம்பெனி மூவருக்கும் ஒரே நாளில், டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில். தேதி, நேரம், இடம், வண்டி எண், குற்ற எண் (எஃப்ஐஆர் எண்), தொகை, 15 நாள் கெடு. கூடவே இந்த வரி:

"மேற்படி வண்டியின் அன்றைய ஜிபிஎஸ் பதிவு, டெலிவரி வரிசைப் பட்டியல், டேஷ் கேமரா பதிவு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கவும், பாலிசி நகலையும் டிரைவர் லைசென்ஸ் நகலையும் அனுப்பவும்."

"டிரைவர் எங்கள் ஊழியர் அல்ல, வெண்டர் ஆள்" என்று டெலிவரி கம்பெனி பதில் போடும். அந்தப் பதிலே உதவும். வெண்டர் யார் என்று அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள் அல்லவா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 149வது பிரிவின்படி விபத்துத் தகவல் கிடைத்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் சமரசத் தொகை முன்வைக்கலாம்.

9. எந்தக் கதவைத் தட்டுவது

மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்: ரோட்டிலிருந்து வந்து இடித்த, இன்சூரன்ஸ் உள்ள வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே நல்ல வழி. இன்சூரன்ஸ் கம்பெனியை நேரடியாக இழுக்க முடியும். விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் வசிக்கும் இடத்திலோ மனுப் போடலாம். பெங்களூரில் இது ஸ்மால் காசஸ் நீதிமன்றத்தில் நடக்கிறது. வழக்கு எண் எம்விசி என்று தொடங்கும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 166(3)இன்படி விபத்து நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. "மூணு வருஷம் இருக்கு" என்று யாராவது சொன்னால் அவர் சிவில் வழக்கைச் சொல்கிறார்.

சிவில் நீதிமன்றம்: சொத்துச் சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் தீர்ப்பாயமா சிவில் நீதிமன்றமா என்பது உங்கள் விருப்பம் என்று 165வது பிரிவு சொல்கிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது மூடிவிடும். கேட்கும் தொகைக்கேற்பக் கோர்ட் கட்டணம், நேரமும் அதிகம். போர்டிகோவுக்குள் நடந்தது, பதிவில்லாத ஸ்கூட்டர், ஆறு மாதம் தாண்டியது ஆகிய சூழலுக்கு இதுதான்.

நுகர்வோர் ஆணையம்: பார்சல் உங்கள் பெயரில் வந்திருந்தால் மட்டும். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் இறக்க வந்த வண்டி உங்கள் சுவரை இடித்தால் நீங்கள் நுகர்வோர் அல்ல. இரண்டு வருடக் கெடு, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு, பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிடுங்கள். சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

நிரந்தர லோக் அதாலத்: பலருக்குத் தெரியாத வழி. சரக்குப் போக்குவரத்தும் இன்சூரன்ஸும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வருவதால் 1 கோடி ரூபாய் வரையிலான தகராறுகளை, கோர்ட்டுக்குப் போகும் முன் இங்கே கொண்டுவரலாம். கட்டணம் இல்லை. சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் அதற்கு அப்பீல் இல்லை. எச். சித்தையா ரோடு நியாய தேகுல கட்டடத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தில் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

10. தீர்ப்பாய மனுவில் கவனிக்க வேண்டியவை

எதிர்மனுதாரர்களில் ஒருவரையும் விடாதீர்கள்: டிரைவர், பதிவு உரிமையாளர், இன்சூரன்ஸ், டெலிவரி கம்பெனி. எஃப்ஐஆர், மஹஜர், வரைபடம், வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆர்சி, பாலிசி, காத்தா, வரி ரசீது, பொறியாளர் அறிக்கை, பில்கள் என்ற வரிசையில் கோர்த்து வையுங்கள். பில் தொகையை வங்கி வழியாகக் கட்டியிருந்தால் அதன் ஸ்டேட்மென்ட் தனி பலம்.

சிசிடிவிக்கும் போன் படங்களுக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும். இதில் இரண்டு பகுதி: ஒன்று பதிவை வைத்திருப்பவர் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்துவிடாதீர்கள். எதிர்வீட்டு கேமரா என்றால் அவரே கையெழுத்திட வேண்டும். அவர் வீடு மாறும் முன் வாங்கிவிடுங்கள்.

டிரைவரின் லைசென்ஸ் காலாவதி, பெர்மிட் இல்லை என்று இன்சூரன்ஸ் தரப்பு சொன்னால் பயப்பட வேண்டாம். மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு முதலாளியிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம்.

நிலைய வாசலிலேயே "முப்பது பர்சென்ட் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் வருவார். வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. கட்டணத்தைத் தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள்.

11. தீர்ப்பு வந்த பிறகு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 171வது பிரிவின்படி மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி கேட்கலாம். அதை மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும். தொகையை 30 நாளுக்குள் செலுத்த வேண்டும். செலுத்தாவிட்டால் 174வது பிரிவில் சான்றிதழ் கேட்டால், நில வரிப் பாக்கி போல மாவட்ட ஆட்சியர் வசூலிப்பார். குறைவாகக் கிடைத்ததாகத் தோன்றினால் உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். ஆனால் சர்ச்சைக்குரிய தொகை 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்றால் அப்பீல் இல்லை. சிறிய சுவர் வழக்குகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். அதனால் விட்டுப்போன பில்லை மேல்கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், சாட்சி விசாரணை முடிவதற்குள் எல்லாவற்றையும் சாட்சி ஆவணமாகக் குறியிட்டுச் சேர்த்துவிட வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.